கல் வீட்டுக்கு ஒரு மர அறை

ஹோவிக் பக்கம் இருக்கிற எங்க தாத்தா காலத்துக் கல் வீட்டோட மர அறை ஒண்ணு சேர்க்கிற வேலை ஆரம்பிச்சாச்சு! தென்னாப்பிரிக்காவில் 60 வயசு தாண்டின கட்டடத்தில் கை வைக்கணும்னா, 1999 பாரம்பரியச் சட்டப்படி அனுமதி வேணும். அதை வாங்கிட்டுத்தான் கடப்பாரையே எடுத்தோம்.

மரம் எல்லாம் எஃப்.எஸ்.சி சான்று (காட்டைப் பொறுப்பாப் பராமரிச்சு வெட்டின மரம்னு சொல்ற சான்று) உள்ள தோட்டத்துப் பைன். கரையான் பயம் உண்டே, பலகை முனையில 'எச்3' முத்திரை (வெளியில, மண்ணுல படாம நிக்கிற மரத்துக்கான மருந்து ஏத்தினதுக்கு அடையாளம்) இருக்கான்னு ஒவ்வொண்ணாத் திருப்பிப் பார்த்து வாங்கினார் அப்பா. மண்ணுல புதையற தூணுக்கு அதைவிட அதிக மருந்து ஏத்தின எச்4. அறுத்த முனைக்குத் திரும்ப மருந்து பூசணும், இதைப் பல பேர் விட்டுடறாங்க.

புது அறை தன் தூண்லயே நிக்குது, கல் சுவர்ல பாரம் ஏறல. கல் இடுக்குக்குச் சுண்ணாம்புச் சாந்துதான். சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லை அரிச்சிடும். பழைய வீடு வச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு இதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.