பெட்டி இல்லாத ஸ்பீக்கர்: செய்து, அளந்து, நகர்த்திப் பார்த்தது

ஓபன் பேஃபிள், அதாவது பெட்டி இல்லாமல் திறந்த பலகையில் நிற்கும் ஸ்பீக்கர் ஜோடி, ஒருவழியாகப் பாடத் தொடங்கிவிட்டது. பலகை வேலை முடிந்தது, டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகப் பிரித்துத் திருத்தும் கருவி) அமைப்பு முக்கால்வாசி முடிந்தது, ஹாலில் எங்கே நிறுத்துவது என்பதுதான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. கோலாலம்பூரில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருந்துகொண்டு இதில் இறங்க நினைக்கிறவர்களுக்கு உதவுமே என்று எழுதி வைக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டிரைவருக்கு (ஒலி எழுப்பும் கூம்புப் பாகம்) எவ்வளவு வெள்ளி கொட்டினாலும் சரி, பலகைக்கும் பின்சுவருக்கும் நடுவில் காலி இடம் விட முடியாவிட்டால் இந்த வேலையே வேண்டாம்.

சங்கதி இதுதான். பெட்டி கிடையாது. ஒரு பலகை, அதில் ஓட்டை, ஓட்டையில் டிரைவர், முதுகு திறந்தே கிடக்கும். கூம்பு முன்பக்கக் காற்றைத் தள்ளும்போது பின்பக்கக் காற்றை இழுக்கிறது, அதனால் இரண்டு பக்கமும் ஒரே ஒலி, ஆனால் தலைகீழாக. பேஸுக்கு இறங்க இறங்கப் பின்னால் போன அலை பலகை ஓரத்தைச் சுற்றி வந்து முன்னலையைத் தின்ன ஆரம்பிக்கும். எங்கிருந்து தின்னும் என்பதைப் பலகையின் அளவு சொல்லிவிடும். என் பலகை அரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். டிரைவரின் நடுவிலிருந்து ஓரம் வரை 25 செ.மீ., அதை ஆறால் பெருக்கினால் ஒன்றரை மீட்டர், அந்த அலைநீளத்துக்குரிய அலைவெண் சுமார் 230 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒவ்வோர் ஆக்டேவுக்கும் (அலைவெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 6 டெசிபல் கழன்றுகொண்டே போகும், 58 ஹெர்ட்ஸுக்கு வரும்போது 12 டெசிபல் காணாமல் போயிருக்கும். பலகையை அகலமாக்கினால் சமாளிக்கலாம்தான், ஆனால் ஹாலில் இரண்டு கதவை நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும், வீட்டில் யார் விடுவார்கள்?

இந்த நஷ்டத்தைப் பார்த்துத்தான் பேஸுக்கான டிரைவரான வூஃபரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் எடுத்தது எமினென்ஸ் ஆல்ஃபா 15ஏ, 15 அங்குலம். ஓபன் பேஃபிள் ஆட்கள் வாயில் அடிக்கடி வரும் பெயர், காரணம் அதன் க்யூடிஎஸ், அதாவது ஒத்ததிர்வில் கூம்பு எவ்வளவு தளர்வாக ஆடும் என்பதைச் சொல்லும் எண், 1.26. பெட்டிக்கென்று செய்த நல்ல வூஃபர்களில் இது 0.4 சுற்றிலும் இருக்கும். க்யூடிஎஸ் 0.4 என்றால் அதன் ஒத்ததிர்வு அலைவெண்ணில் ஒலி 8 டெசிபல் கீழே இருக்கும், 1.26 என்றால் 2 டெசிபல் மேலே. பத்து டெசிபல் வித்தியாசம், ஆம்ப்ளிஃபயரை ஒன்றும் கேட்காமல். பெட்டிக்குள் அடைத்தால் இதே வூஃபர் தொளதொளவென்று ஊதும், பலகையில்தான் அதற்கு மரியாதை. அதற்கு மேலுள்ள ஒலி முழுவதையும் பாட 8 அங்குல ஃபுல்ரேஞ்ச் டிரைவர் ஒன்று.

மரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊர் ஈரத்துக்கு எம்டிஎஃப் (மரநார் அழுத்திய பலகை) வேண்டாம், வெட்டிய ஓரம் தண்ணீர் குடித்து உப்பும். 18 மி.மீ. மரைன் பிளைவுட் எடுத்தேன். மரக்கடை தவுக்கே (முதலாளி) பலகையை அறுத்துக் கொடுத்துவிட்டு, ஸ்பீக்கருக்கு என்று சொன்னதும் பெட்டிக்கு மீதிப் பலகை எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வட்டங்களை வீட்டில் ஜிக்சாவில் அறுத்தேன். கம்பி, கனெக்டர், ஸ்க்ரூ எல்லாம் புடு ஜாலான் பாசார் கடைகளில் வாங்கியது, அங்கே ஒரு சாமானுக்குப் போனால் பை நிறைய வருவது தனிக்கதை. கவனிக்க வேண்டியது இரண்டு. ஃபுல்ரேஞ்ச் ஓட்டையின் பின் விளிம்பைச் சாய்வாகச் சீவிவிடுங்கள், இல்லாவிட்டால் 18 மி.மீ. கனம் குழாய் மாதிரி நின்று பின்னலையை அடைக்கும். அப்புறம் அதைப் பலகையின் நடுக்கோட்டில் வைக்காதீர்கள். இரண்டு ஓரமும் ஒரே தூரத்தில் இருந்தால், 25 செ.மீ.க்குக் கணக்குப் போட்டால் 1,380 ஹெர்ட்ஸ் பக்கம் பெரிய பள்ளம் விழும், குரல் இருக்கிற இடம் அது. ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தால் பள்ளம் பரவி ஆழம் குறையும். வூஃபருக்கு இந்தக் கவலை இல்லை, அது 200 ஹெர்ட்ஸிலேயே ஒதுங்கிவிடுகிறது.

ஒலியை இரண்டு டிரைவருக்கும் பிரிப்பது மினிடிஎஸ்பி என்ற டிஎஸ்பி கருவி, வூஃபருக்குத் தனி ஆம்ப், ஃபுல்ரேஞ்சுக்குத் தனி ஆம்ப். பிரிக்கும் ஃபில்டர் ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரியும் லிங்க்விட்ஸ்-ரைலி. 1976இல் ஹியூலெட் பேக்கார்டில் எஞ்சினியராக இருந்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது இந்த ஃபில்டர். அவரே பிற்காலத்தில் டைபோல் (என் பலகை மாதிரி முன்னும் பின்னும் எதிரெதிராகப் பாடும்) ஸ்பீக்கர்களின் பெரிய ஆளாகி, 2018இல் மறையும் வரை அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார். பேஸுக்கு ஒரு ஷெல்ஃப் (ஓர் அலைவெண்ணுக்குக் கீழே எல்லாவற்றையும் ஏற்றும் டிஎஸ்பி திருத்தம்) போட்டு ஏற்றியிருக்கிறேன், ஆனால் ஆசைக்கு அளவு வேண்டும். 6 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் நான்கு மடங்கு பவர் தர வேண்டும். அதைவிட முக்கியம் கூம்பின் ஓட்டம்: டைபோலில் அதே சத்தத்தை ஓர் ஆக்டேவ் கீழே எடுக்கக் கூம்பு எட்டு மடங்கு தூரம் ஓட வேண்டும், ஆல்ஃபாவுக்கு அனுமதி ஒரு பக்கம் 3.8 மி.மீ.தான். அதனால் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டேன், போனது போகட்டும்.

அளப்பதற்கு ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் யுஎஸ்பி மைக்கும். மின்விசிறியை நிறுத்தாமல் எடுத்த வரைகோட்டை நம்பாதீர்கள், கீழ்ப்பகுதி முழுக்கக் காற்றின் கூத்துதான் தெரியும். மழை வந்தால் அன்றைக்குக் கடையைக் கட்டிவிட வேண்டியதுதான், கார் நிறுத்தும் இடத்துத் தகரக் கூரை போடும் சத்தத்தில் மைக்குக்கு வேறு எதுவும் கேட்காது.

இப்போது இடத்துக்கு வருகிறேன். பலகையைப் பின்சுவரிலிருந்து 30 செ.மீ.யில் வைத்தபோது பேஸ் ஒல்லியாக இருந்தது, ஷெல்ஃபை எவ்வளவு ஏற்றினாலும் கூம்புதான் ஆடியதே தவிர ஒன்றும் வரவில்லை. தலைகீழாகப் போகும் பின்னலை சுவரில் பட்டு உடனே திரும்பி வந்து முன்னலையோடு கழிந்துபோவதுதான் காரணம். ஒரு மீட்டருக்கு இழுத்ததும் திரும்பி வரும் அலை இரண்டு மீட்டர் கூடுதலாக நடக்கிறது, 86 ஹெர்ட்ஸ் அருகில் அது எதிர்ப்பதை விட்டுக் கைகொடுக்க ஆரம்பிக்கிறது. தவிலின் அடிப்பக்கம், மிருதங்கத்தின் தொப்பி, எல்லாம் அப்போதுதான் உடம்போடு வந்தன. 172இல் அதே கணக்குப்படி ஒரு பள்ளம் உண்டு, பலகைகளைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பியதும் அது ஓரளவு நிரம்பியது. டிஎஸ்பியில் மணிக்கணக்காகத் தட்டிக்கொண்டிருப்பதைவிட இந்த எழுபது செ.மீ. பெரிய ட்யூனிங்.

டெரஸ் (பக்கச்சுவர் பொதுவான வரிசை) வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு லாபம் இருக்கிறது, இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. டைபோல் முன்னும் பின்னும்தான் பாடும், பக்கவாட்டில் இரண்டு அலையும் சந்தித்துக் கழிந்துவிடும். நமக்குப் பொதுச்சுவர் இருப்பது பக்கவாட்டில்தானே? பேஸ் அடுத்த வீட்டுக்கு ஒன்றுமே போகாது என்று சொல்ல மாட்டேன், அறைக்குள் சுற்றித் திரும்பியது போகத்தான் செய்யும், ஆனால் பழைய சப்வூஃபர் இருந்தபோது பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்டருகே நின்று “தம்பி, எங்க சாமி அறை விளக்கு ஆடுதுப்பா” என்று சொன்ன நிலைமை இப்போது இல்லை. மார்பிள் தரையும் வெறும் சுவருமாக எதிரொலிக்கிற ஹாலில் பக்கச் சுவருக்குக் குறைவாகப் போவது குரலுக்கும் நல்லது. வாய்ப்பாட்டு கேட்டால் பாடகர் பலகைகளுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறார், பெட்டிக்குள் இல்லை.

நெஞ்சில் குத்துகிற பேஸ் வேண்டும் என்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. குத்துப்பாட்டுக்கு என் மச்சான் முகத்தைச் சுளித்துவிட்டு, “மாமா, அந்தப் பழைய பெட்டியை வித்துட்டீங்களா?” என்று விசாரித்தான். விற்கவில்லை, மேல்மாடியில் இருக்கிறது, அவனுக்கே கொடுத்துவிடலாம்.

ஹாலில் ஒரு மீட்டரைத் தினமும் விட முடியாது என்பதால் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டிவிட்டேன், கேட்கும்போது இழுப்பது, முடிந்ததும் சுவரோரம் தள்ளுவது. தரையில் டேப் குறி இருப்பதால் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு வருகிறது. அடுத்த வேலை ட்வீட்டர், உச்ச ஒலிக்கான குட்டி டிரைவர். 8 அங்குலக் கூம்பு உச்ச ஒலிகளை நேராக மட்டும்தான் வீசுகிறது, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தால் ஜால்ரா மங்குகிறது. முன்னால் ஒன்று போதுமா, பின்பக்கமும் ஒன்று வைப்பதா என்று முடிவு செய்யவில்லை, இரண்டையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் பலகையில் புது ஓட்டை போடுவேன்.