சர்வர் ரூமுக்கும் ஒரு யூ.கே.ஜி. வேண்டும்

கோவை, திருப்பூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் இருப்பவர்களுக்கு யூ.கே.ஜி. என்றால் விளக்கம் தேவையில்லை. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கு அது. அந்த எண் சற்றே ஏறினாலும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் (மில்லுக்குள் ஈரக்காற்று அனுப்பும் அமைப்பு) ஃபேன் முதல் கம்ப்ரஸர் லீக் வரை தேடிப் பார்ப்பார்கள். அதே மில்லின் ஆபீஸ் மாடியில் ஐந்து ரேக்கோடு (சர்வர்களை அடுக்கும் அலமாரி) ஒரு சர்வர் ரூம் இரவும் பகலும் ஓடும். அதற்கு மட்டும் கணக்கே இருக்காது. "ரூம் சூடாகுதுங்க, இன்னொரு ஏசி போட்டரலாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சர்வர் ரூமின் யூ.கே.ஜி.க்குப் பெயர் பி.யூ.இ. அறைக்காகச் செலவாகும் மொத்த மின்சாரத்தை, சர்வர், ஸ்டோரேஜ், ஸ்விட்ச் ஆகியவை மட்டும் இழுக்கும் மின்சாரத்தால் வகுக்க வேண்டும். சர்வர்கள் 15 கிலோவாட், மொத்தம் 30 கிலோவாட் என்றால் பி.யூ.இ. 2. அதை 1.6-க்கு இறக்கினால் 6 கிலோவாட் மிச்சம். வருடத்துக்கு 8,760 மணி நேரம் என்பதால் 52,560 யூனிட். அளக்கும்போது அடிக்கடி நடக்கிற தப்பு ஒன்று உண்டு. ஏசியின் அவுட்டோர் யூனிட்டுக்கு மொட்டைமாடி டிபியிலிருந்து (மின் விநியோகப் பெட்டி) லைன் போயிருக்கும். அது கணக்கில் விட்டுப்போகும். சர்வர் பக்கத்தை யு.பி.எஸ். அவுட்புட்டில் அளங்கள், கே.வி.ஏ.வில் இல்லை, கிலோவாட்டில்.

பெரும்பாலான அறைகளில் குளிர் பத்தாமல் இல்லை. குளிர்ந்த காற்று சர்வரின் வாய்க்கு, அதாவது அது காற்றை இழுக்கும் முன்பக்கத்துக்கு, போய்ச் சேர்வதில்லை, அவ்வளவுதான். சர்வருக்கு முன்னும் பின்னும் காற்றின் வெப்பத்தைப் புரோப் வைத்துப் பாருங்கள் (இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பரப்பைத்தான் அளக்கும், காற்றை அளக்காது). அங்கே வித்தியாசம் 12 டிகிரி இருந்து, ஏசிக்குள் திரும்பும் காற்றுக்கும் அது ஊதும் காற்றுக்கும் 6 டிகிரிதான் என்றால், ஏசி தள்ளும் காற்றில் பாதி எந்த சர்வரையும் தொடாமலே திரும்பி வருகிறது. பிறகு ரேக்கின் முன்பக்கம் அடி, நடு, உச்சி மூன்றிலும் அளங்கள். அடியைவிட உச்சியில் 5 டிகிரிக்கு மேல் கூடினால், பின்பக்கச் சூடு தலைக்கு மேல் சுற்றி முன்னால் வந்து மறுபடி உள்ளே போகிறது.

இதற்கு மருந்து மலிவானது. ரேக்கில் காலியாக உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் பிளாங்கிங் பேனல் (அடைப்புத் தகடு), ரேக்கின் பக்கவாட்டு இடுக்குகளுக்கு ஃபோம், கேபிள் நுழையும் துளைகளுக்கு பிரஷ். எல்லா ரேக்கும் ஒரே பக்கம் பார்க்காமல் முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். வரிசையின் முனையில் பி.வி.சி. திரை தொங்கவிட்டாலே சூடும் குளிரும் கலப்பது பெரிதும் குறையும். தீயணைப்பு கேஸ் நாசிலை மட்டும் மறைத்துவிடக் கூடாது. அட்டைப்பெட்டியைக் கிழித்து அடைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அது நார் உதிர்க்கும், தீப்பிடிக்கும். முன்பின் வித்தியாசம் 11 டிகிரி வைத்தால் ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 160 சி.எஃப்.எம். (நிமிடத்துக்குக் கன அடி) காற்று போதும். 15 கிலோவாட்டுக்கு 2,400. உங்கள் ஏசிகள் அதைவிட எவ்வளவு கூடுதலாகத் தள்ளுகின்றன என்று பாருங்கள்.

ஓட்டைகளை அடைத்த பிறகுதான் ஃபேனைக் குறைக்க வேண்டும். வேகத்தை 80 சதவீதமாக்கினால் ஃபேன் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மில்லில் ஹியூமிடிஃபிகேஷன் ஃபேனுக்கு வேகம் குறைக்கும் டிரைவ் போட்டவர்களுக்குத் தெரிந்த அதே விதி.

அவுட்டோர் யூனிட்டுக்கு இந்தப் பக்கம் தனிக் கவனிப்பு வேண்டும். பஞ்சும் புழுதியும் காயிலில் படிந்தால் கம்ப்ரஸர் கூடுதல் அழுத்தத்தில் திணறும். காற்று நுழையும் திசைக்கு எதிர்த்திசையில், உள்ளிருந்து வெளியே, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷர் அடித்தால் காயிலின் மெல்லிய ஃபின் தகடு மடங்கும். போர் தண்ணீர் உப்புப் படிய வைக்கும். சிறுவாணித் தண்ணீரோ சாஃப்ட்னர் தண்ணீரோ நல்லது. கோடையில் காயில் மேல் தண்ணீர் தெளித்துக் குளிர வைக்கிற வழக்கம், கடினநீர் ஊரில் காயிலையே தின்றுவிடும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பார்த்து ஜன்னலைத் திறந்துவிடலாமா என்ற ஆசை வரும். வேண்டாம். ஆடிக் காற்று குளிர்ச்சியாக இருந்தாலும் ஈரமானது. ஆஷ்ரே (ஏசி, குளிரூட்டல் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கம்) பரிந்துரைக்கும் பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, அதிகபட்சம் 15 டிகிரி. மழைக்காலக் காற்று அதைத் தாண்டும். பஞ்சும் கூடவே வரும்.

யு.பி.எஸ். விஷயத்தில், 15 கிலோவாட் சுமைக்கு 60 கே.வி.ஏ. இரண்டு வாங்கி வைத்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சுமையில்தான் ஓடும். பழைய மாடல்களின் திறன் அந்த அளவில் நன்றாகச் சரியும். இழந்த மின்சாரம் சூடாகி ஏசிக்குச் சுமையாகும். மாட்யூலர் யூனிட்டில் தேவையான மாட்யூலை மட்டும் ஓட்டலாம். எக்கோ மோடு (லைன் கரென்ட்டை நேராகவே சர்வருக்கு விடும் முறை), மோட்டார்கள் அடிக்கடி ஸ்டார்ட் ஆகி வோல்டேஜ் ஆடும் லைனில் எனக்குச் சம்மதமில்லை.

யாரும் பயன்படுத்தாத சர்வரை அணைப்பதுதான் எல்லாவற்றிலும் லாபம். சும்மா இருக்கிற சர்வரும் கணிசமாக இழுக்கும். முதலில் நெட்வொர்க் கேபிளை மட்டும் கழற்றி, யாராவது தேடுகிறார்களா என்று மாதக் கடைசி ஒன்றைத் தாண்டும்வரை காத்திருங்கள்; வருடக் கணக்கு முடிக்கும் மார்ச்சில் இதைத் தொடாதீர்கள். ஒன்று தெரிந்திருக்கட்டும்: சர்வரை அணைத்தால் பில் குறையும், ஆனால் பி.யூ.இ. ஏறும். உற்பத்தி குறைந்தால் யூ.கே.ஜி. ஏறுவது போலத்தான். பி.யூ.இ.யோடு மொத்த யூனிட்டையும் எழுதி வையுங்கள்.

செட்பாயின்ட்டை, அதாவது ஏசியில் வைக்கும் டிகிரியை, உயர்த்துவது கடைசி வேலை. கலப்பை நிறுத்தாமல் முதலிலேயே உயர்த்தினால் உச்சி சர்வர்தான் முதலில் அலாரம் அடிக்கும். ஆஷ்ரே பரிந்துரை, சர்வர் வாயில் 18 முதல் 27 டிகிரி. வாரத்துக்கு ஒரு டிகிரியாக ஏற்றி, மொத்த யூனிட்டைப் பாருங்கள். 25, 26 தாண்டும்போது சில சர்வர்களின் சொந்த ஃபேன் வேகம் எடுக்கும். அந்த மின்சாரம் சர்வர் கணக்கில் சேர்வதால் பி.யூ.இ. அழகாகத் தெரியும், பில் ஏறும். அப்படி ஏறத் தொடங்கிய இடத்திலிருந்து ஒரு டிகிரி இறங்கி நில்லுங்கள். பேட்டரி அதே அறையில் இருந்தால் முதலில் அதை வேறிடத்துக்கு மாற்றுங்கள். 25-க்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் பாதியாகும்.