எம்ஜிபி மிஸ்ஸிங்: ஒரு விரல் நீள ஒயரைத் தேடி இரண்டு மாதம்

மார்ச் முதல் ஞாயிறு. சாலையில் கிடந்த உப்பெல்லாம் மழையில் கழுவிப் போயிருக்கும் என்று நம்பி, நான்கு மாதமாகப் போர்வைக்குள் கிடந்த என் பழைய எம்ஜிபி காரை வெளியே எடுத்தேன். இங்கே இங்கிலாந்தில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள், பழைய இரும்புக்கு அதைவிட விஷம் கிடையாது, அதனால் நவம்பரிலிருந்தே வண்டிக்கு ஓய்வு. சாவியைத் திருப்பியதும் பின்சக்கரத்துப் பக்கம் இருக்கிற பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர்கள் நிறைந்ததும் தானாக அடங்கியது. சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால் மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. அந்தச் சந்தோஷம் எட்டு மைல் வரைக்கும்தான்.

ரெடிங்கிலிருந்து வாலிங்ஃபோர்டு போகிற ஏ4074 சாலை எனக்கு ரொம்பப் பிடித்த சாலை. கேவர்ஷம் தாண்டியதும் ஏற்றம், அப்புறம் மரங்களுக்கு நடுவே வளைவு வளைவாகப் போய்க் கீழே இறங்கும். ஏற்றத்தில் மிதித்த மிதிக்கு வண்டி நன்றாகவே இழுத்தது. மேலே ஏறி, ஓவர்டிரைவைப் போட்டு (அதே வேகத்துக்கு எஞ்சினை மெதுவாகச் சுற்ற விடுகிற கூடுதல் கியர்), 50 மைல் வேகத்தில் காலைத் தளர்த்தி நிம்மதியாக ஓட்டலாம் என்று நினைத்த நேரத்தில் மிஸ்ஸிங், அதாவது எஞ்சின் இடையிடையே எரியாமல் விட்டுப்போகிறது. டபக் டபக் என்று விட்டு விட்டு இழுக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சரியாகிவிடுகிறது, காலைத் தளர்த்தினால் மறுபடி ஆரம்பம். ஓரம் கட்டி நிறுத்தினால் தையல் மிஷின் மாதிரி அழகாக ஓடிக்கொண்டு நிற்கிறது. மிஸ்ஸிங் என்று சத்தியம் பண்ணினாலும் எவனும் நம்ப மாட்டான்.

வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. 1970 எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரையை மடித்து வைக்கிற இரண்டு இருக்கை கார். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய மாடல் என்பதால் அபூர்வமெல்லாம் ஒன்றுமில்லை, அதனால்தான் என் கைக்கு எட்டியது. 1798 சிசி எஞ்சின், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், நான்கு கியர், மூன்றாவதிலும் நான்காவதிலும் ஓவர்டிரைவ். ஆறு வோல்ட் பேட்டரி இரண்டை இருக்கைக்குப் பின்னால் தரைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள், அதைத் தொட வேண்டுமென்றால் பாதி வண்டியைக் காலி செய்ய வேண்டும். வாங்கும்போது எஞ்சினைக்கூட நான் அவ்வளவு பார்க்கவில்லை. கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பகுதியைத்தான் காந்தத்தை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தேன். இரும்புக் கூரை இல்லாத வண்டி, மொத்த உடம்பும் அந்தச் சில்லை நம்பித்தான் நிற்கிறது, அது உள்ளே துருப்பிடித்துப் போயிருந்தால் ஜாக்கி போட்டுத் தூக்கும்போது கதவு இறுகிக்கொண்டு திறக்காது. என் வண்டியில் திறந்தது. இந்த மாடலை வாங்க நினைக்கிறவர்கள் அந்த ஒரு சோதனையை விட்டுவிட்டு பெயின்ட் பளபளப்பில் மயங்கினால் அப்புறம் வெல்டிங்காரருக்குத்தான் சம்பாதித்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பெயின்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. வண்டி இப்போது சிவப்பு. ஆனால் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து ஒயர் பார்த்தபோது மூலையில் கரும்பச்சை தெரிந்தது. கேடனில் இருக்கிற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குப் பணம் கட்டினால் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள், எழுதிப் போட்டேன், அதிலும் பச்சை என்றே வந்தது. விற்கும்போது சிவப்புக்குக் கிராக்கி என்று யாரோ மாற்றியிருக்கிறார்கள். திருப்பிப் பச்சையாக்க ஆசைதான், வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கிற தைரியம் இன்னும் வரவில்லை.

சரி, மிஸ்ஸிங்குக்கு வருவோம். முதலில் பெட்ரோல்தான் பிரச்சினை என்று முடிவு கட்டினேன். காரணம் இல்லாமல் இல்லை. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால், பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது, உள்ளேயே உரிந்து துகளாகி வரும். நான் 5 சதவீதம் வரை மட்டும் எத்தனால் இருக்கிற விலை கூடிய பெட்ரோலைத்தான் போடுகிறேன், ஆனால் எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எதைப் போட்டாரோ. குழாய்களை மாற்றினேன், ஃபில்டரை மாற்றினேன், டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பார்த்தேன். நோய் அப்படியே இருந்தது.

அடுத்து கார்புரேட்டர். ஏப்ரல் மாதம் முழுக்க இதிலேயே போனது, ஆனால் வீண் என்று சொல்ல மாட்டேன், இந்த வண்டி வேலைகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். எஸ்யூவில் ஒரு பிஸ்டன் காற்றின் இழுவைக்கு ஏற்ப மேலே எழும்பும், அதன் அடியில் கூம்பிக்கொண்டே போகிற ஊசி, பெட்ரோல் வருகிற ஜெட்டுக்குள் ஏறி இறங்கும், அவ்வளவுதான் சூத்திரம். மேல் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கிற எண்ணெய் அளவைப் பார்த்தால் ஒன்றில் சொட்டு இல்லை. எஞ்சினுக்குப் போடுகிற அதே 20டபிள்யூ50 எண்ணெயை ஊற்றினேன், பிக்கப்பில் இருந்த தயக்கம் போயிற்று. பிறகு இரண்டையும் ஒன்றுபோல் உறிஞ்ச வைக்க வேண்டும். கடையில் இதற்கு மீட்டர் விற்கிறார்கள். நான் ஒரு முழ ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதிலும் மறு முனையை கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டிலும் உஸ்ஸ் என்ற சத்தம் ஒரே சுருதியில் வரும்வரை ஸ்க்ரூவைத் திருகினேன். கலவையைப் பார்ப்பதற்கு அதைவிட எளிய வழி: பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கினால், எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், அணையப் பார்த்தால் குறைவு, லேசாக ஏறிப் பழையபடி அடங்கினால் சரி. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தபோது நான் காதில் குழாயுடன் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

ஐடில், அதாவது மிதிக்காமல் நிற்கும்போது ஓடுகிற ஓட்டம், இப்போது அற்புதமாக இருந்தது. ஆனால் 50 மைலில் மிஸ்ஸிங் மட்டும் போகவில்லை.

அன்று ராத்திரி பாளையங்கோட்டைக்கு அப்பாவிடம் பேசும்போது புலம்பினேன். அப்பா இருபது வருஷத்துக்கு மேல் பெட்ரோல் அம்பாசிடர் டாக்சி ஓட்டினவர். அம்பாசிடரில் இருந்த 1489 சிசி எஞ்சினும் என் வண்டியில் இருக்கிற 1798 சிசி எஞ்சினும் ஒரே பி சீரிஸ் குடும்பம், அண்ணன் தம்பி. முதல் தடவை பானட்டைத் திறந்து வீடியோவில் காட்டியபோது, "இது நம்ம எஞ்சின்லாலே, இதுக்குப் போயா அம்புட்டு துட்டு குடுத்த?" என்றார். இப்போது நோயைச் சொன்னதும் டாக்டர் மாதிரிக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"நிறுத்தினா நல்லா ஓடுதா?"

"ஓடுதுப்பா."

"ஏத்தத்துல இழுக்குதா?"

"நல்லா இழுக்குது."

"அப்ப ஏம்லே கார்புரேட்டரப் போட்டு நோண்டுத? பெட்ரோல் பத்தலன்னா ஏத்தத்துலதான மொதல்ல காட்டும்? கரண்டப் பாரு."

இவ்வளவு எளிய விஷயம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்னும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் வெட்கப்பட்டு முடித்ததும் நான் செய்தது மறுபடி அதே தப்புதான், யோசிக்காமல் சாமான் மாற்றுவது. பிளக், பிளக் ஒயர், பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, அதற்குள் சுழல்கிற ரோட்டர், கண்டென்சர் எல்லாம் புதிது. கரண்டை வெட்டி வெட்டிப் பொறி வரவைக்கிற பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து 15 தவ் (ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி வைத்தேன். புதிதாக வாங்கின ரோட்டர் இரண்டாம் நாளே செத்துப்போய் வண்டி தெருமுனையில் நின்றது; பழையதைத் திரும்பப் போட்டதும் கிளம்பியது. இந்தக் காலத்தில் வருகிற சில சாமான்களைவிட ஐம்பது வருஷம் உழைத்த பழைய சாமானே மேல், கழற்றியதைத் தூக்கி எறியாமல் டிக்கியில் போட்டு வையுங்கள். மிஸ்ஸிங்? அப்படியே.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஸ்பானரைத் தொடாமல் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்தேன். ஐடிலில் இல்லை, முழு மிதியில் இல்லை, காலைத் தளர்த்தி ஓட்டும்போது மட்டும் வருகிறது. அந்த நேரத்தில் மட்டும் எஞ்சினில் என்ன மாறுகிறது? டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் ஒரு தட்டையான டப்பா இருக்கும், கார்புரேட்டரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அதற்கு வரும். வாக்குவம் அட்வான்ஸ், காற்றின் இழுவையால் பொறி விழுகிற நேரத்தை முன்தள்ளுகிற சாமான். ஐடிலில் த்ராட்டில் தட்டு அந்தக் குழாயின் துளையை மூடிக்கொள்வதால் இழுவை இல்லை. முழுக்க மிதித்தால் த்ராட்டில் அகலத் திறந்து அப்போதும் இழுவை இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிதானமாக ஓட்டும்போதுதான் டப்பா நன்றாக இழுத்து, உள்ளே பாயிண்ட் உட்கார்ந்திருக்கிற தட்டைச் சுழற்றும். அதாவது அந்தத் தட்டு நகரும்போதுதான் மிஸ்ஸிங்.

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். குழாயைப் பிடுங்கி கார்புரேட்டர் பக்கம் ஒரு ஸ்க்ரூவைச் செருகி அடைத்து, ஏ4074க்கே போனேன். கேன் எண்ட் தாண்டி 50 மைல், காலைத் தளர்த்தினேன். ஒன்றுமில்லை. வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. காருக்குள் தனியாகக் கத்தினேன்.

வீட்டுக்கு வந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, நகரும் தட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்து, வாக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். தட்டு நகர்ந்தது, மீட்டர் முள் துள்ளியது. நகரும் தட்டை உடம்போடு இணைக்க ஒரு குட்டி எர்த் ஒயர் இருக்கிறது, துணி சுற்றியது, என் சுண்டுவிரல் நீளம்கூட வராது. வெளியே பார்த்தால் முழுசாக இருக்கிறது, மூடியைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். துணியை உரித்தால் உள்ளே ஒன்றிரண்டு இழைதான் மிச்சம், மற்றதெல்லாம் அறுந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கிறது. தட்டு அசையாதவரை கரண்ட் போகும், அசைந்தால் விட்டு விட்டுப் போகும்.

இங்கே பழைய வண்டிக்காரர்கள் இந்த மின் சாமான்களைச் செய்த லூகாஸ் கம்பெனியை இருட்டின் இளவரசன் என்று கிண்டல் செய்வார்கள், விளக்கு எப்போது அணையும் என்று தெரியாதாம். எனக்கு அந்த ஜோக் சலித்துப்போய்விட்டது. நாள் முழுக்க முன்னும் பின்னும் அசைகிற ஒரு ஒயர் அரை நூற்றாண்டுக்குப் பிறகு அறுந்தால் அது யார் குற்றம்? இந்த வண்டியில் நான் பார்த்த மின் கோளாறுகளில் பாதிக்கு மேல் எர்த் சரியில்லாதது, மீதி யாரோ இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிச் செய்த வைத்தியம்.

புது ஒயருக்கு சிலிக்கான் உறை போட்ட, மெல்லிய இழைகள் நிறைய இருக்கிற ஒயராகப் பார்த்து வாங்கினேன். முனைகளைப் பற்றவைக்கவில்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்துவிடும், அப்புறம் அந்த விறைப்பு முடிகிற இடத்திலேயே மறுபடி அறும். அதனால் சின்ன வளையங்களை நசுக்கிப் பூட்டினேன். டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுப்பதற்கு முன் நகப்பூச்சால் அடையாளம் வைத்துக்கொண்டேன் (யாருடைய நகப்பூச்சு என்று கேட்க வேண்டாம்), திரும்பப் பூட்டி, பொறி விழுகிற நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டில் பார்த்தால் கிட்டத்தட்ட அதே இடம். பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் மாட்டு என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அது போனால் வண்டியை இழுத்து வரத்தான் வேண்டும், பாயிண்ட் என்றால் ஓரம் கட்டி உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டு போய்விடலாம், அதனால் எனக்கு இதுவே போதும்.

போன ஞாயிறு கூரையை மடித்துவிட்டு நேரே ஆபிங்டனுக்கே விட்டேன். வாலிங்ஃபோர்டு தாண்டி, பெரின்ஸ்ஃபீல்டில் ஏ415ல் திரும்பி, கிளிஃப்டன் ஹாம்ப்டன் பாலத்துப் பக்கமாக, வழியெல்லாம் 50 மைல், காலைத் தளர்த்தியே ஓட்டினேன். ஒரு தடவைகூட விக்கவில்லை. 1980ல் மூடிய தொழிற்சாலை, போய்ப் பார்க்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை, ஆனாலும் பிறந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனோம் என்று ஒரு திருப்தி. திரும்பும்போது குல்ஹாமில் மழை பிடித்து, கூரையை மாட்டி முடிப்பதற்குள் நானும் இருக்கையும் நனைந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து, எஞ்சினை அணைக்காமல் அப்பாவைக் கூப்பிட்டு ஃபோனை பானட்டுக்குள் நீட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டார்.

"எர்த் ஒயரா? நாங்கல்லாம் ரேடியோ ஒயர உரிச்சுக் கட்டிட்டு ஓட்டுவோம்லே."

அதை இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"நீ எங்க கேட்ட? ஏத்தத்துல இழுக்குதான்னு நாந்தான உன்கிட்ட கேட்டேன்." அப்புறம் மறுபடி காதைக் கொடுத்துவிட்டு, "மூணாவது சிலிண்டர்ல டேப்பட் சத்தம் கூடக் கேக்கு, பாரு" என்றார்.

ஃபோனில் எப்படி மூன்றாவது சிலிண்டர் என்று கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை எஞ்சின் மேலே வால்வுப் பகுதியை மூடியிருக்கிற ராக்கர் மூடியைக் கழற்றி, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கிறேன், கேஸ்கெட்டுக்குச் சொல்லியாகிவிட்டது.