கடலைக்காரன் கூவலும் 78 சுற்று இசைத்தட்டும்

டான் அஸ்பியாசுவின் ஹவானா குழு 1930-இல் நியூயார்க்கில் விக்டர் கம்பெனிக்காகப் பதிந்த ‘எல் மனிசெரோ’ ஒரு கடலைக்காரனின் கூவல். பாடியவர் அந்தோனியோ மச்சீன். மறு வருடமே ஹாலிவுட் படத்துக்குள் போய்விட்டது.

அந்தக் காலத்துக் கியூபப் பாட்டு எதைக் கேட்டாலும் டிரம்பெட்டை விட்டுவிட்டு க்ளாவே கட்டைகளின் (ஒன்றோடொன்று தட்டித் தாளம் போடும் இரண்டு மரக்கட்டைகள்) சத்தத்தைக் காதில் பிடியுங்கள். எட்டு எண்ணினால் அடி விழுவது 1, இரண்டரை, 4, 6, 7-இல். முதல் நாலும் அடுத்த நாலும் இடம் மாறினால் 2, 3, 5, ஆறரை, 8. கை தட்டும்போது பெரும்பாலோர் அந்த அரையை முழுசாக்கிவிடுவார்கள், அங்கேயே ஆட்டம் செத்துவிடும்.

அந்தப் பாட்டின் அசல் 78 சுற்றுத் தட்டு (நிமிஷத்துக்கு 78 தடவை சுற்றுவது) கிடைத்தால், பின்னால் வந்த எல்பி தட்டுக்கான ஊசியை வைக்காதீர்கள். அது மெல்லிசு, அகலமான பள்ளத்தின் அடியில் உருண்டு தூசியைத்தான் வாசிக்கும். 3 மில் ஊசி (சுமார் 75 மைக்ரான்) வேண்டும், மோனோவில் (ஒற்றைத் தட ஒலியில்) போடுங்கள். இன்றைய ஃபோனோ ஆம்ப் (இசைத்தட்டின் ஒலியைப் பெருக்கும் கருவி) எல்பிக்காக ட்ரெபிளை, அதாவது கீச்சு ஒலியை, குறைப்பதால் மராக்காஸ் என்ற கிலுகிலுப்பை மங்கிக் கேட்கும், கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். சாவி கொடுக்கும் கிராமபோன் என்றால் இரும்பு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என மாற்றியே ஆக வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது!

ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே துடைக்காதீர்கள். தட்டில் இருக்கும் ஷெல்லாக் அரக்கு கரைந்துவிடும்.