செவலைக்கு நாலு லாடம்

அக்டோபர் 12, ஞாயிறு

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கிய கத்தியவார் இனப் பெட்டைக் குதிரை வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. என்ன பேர் வைக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா 'செவலை' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவர் ஒரு காலத்தில் ஓட்டிய வண்டிமாட்டின் பேர் அது. நிறம் என்னவோ ஒன்றுதான். ஆனால் நிறத்தோடு அவர் நிற்கவில்லை. காது நுனிகள் இரண்டும் உள்பக்கம் வளைந்து தொட்டுக்கொள்வதைப் பார்த்து, "கொம்பு இதுதானாட்ட இருக்குது" என்றார்.

காலையில் தேய்ப்பு, முக்கால் மணி நேரம். ரப்பர் சீப்பால் வட்ட வட்டமாகத் தேய்த்தால் செம்மண் புழுதி கிளம்புகிறது. அப்புறம் முடி போகிற திசையில் பிரஷ். முகத்திலும் முழங்காலுக்குக் கீழும் சதை கிடையாது, அங்கே பழைய பனியன் துணிதான். வயிற்று வார் படும் இடத்தை மட்டும் விரலாலேயே தடவிப் பார்ப்பேன். காய்ந்த வேர்வையோடு ஒரு நெருஞ்சி முள் ஒட்டியிருந்தால் போதும், சவாரி முடிவதற்குள் புண்ணாகிவிடும். பிடரி முடிகிற மேட்டில் சொரிந்தால் மேலுதட்டை நீட்டி நீட்டி நடுக்குகிறது. அதைப் பார்ப்பதற்காகவே அங்கே நேரம் போய்விடுகிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

லாடக்காரர் வந்தார். அப்பா கயிறும் கையுமாகத் தயாராக நின்றார். மாட்டைச் சாய்த்து, காலைக் கட்டி லாடம் அடிப்பதைத்தான் ஆயுசுக்கும் பார்த்திருக்கிறார். லாடக்காரர் சிரித்துவிட்டுக் குதிரையின் தோளை ஒட்டி நின்றார். கையை முன்னங்கால் வழியே இறக்கி, பின்பக்க நரம்பை லேசாக அழுத்தினார். செவலை தானே காலைத் தூக்கிக் கொடுத்தது. தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு செதுக்க ஆரம்பித்தார். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வாக்கில் வளரும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிச் சீவி மறுபடி அடிக்க வேண்டும்.

கூலி பேசும்போது அப்பா குறுக்கே வந்தார். "மாட்டுக்கு எட்டு லாடமுங்க, இதுக்கு நாலுதானே?" மாட்டுக் குளம்பு பிளந்திருக்கும், காலுக்கு இரண்டு. நியாயமான கேள்விதான். கூலி குறையவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

மழை. வலது பின்னங்காலைத் தூக்கியதுமே நாற்றம். குளம்பின் அடியில் முக்கோணமாக ரப்பர் மாதிரி ஒரு மெத்தை உண்டு. அதன் இரண்டு பக்கப் பள்ளத்திலும் குதியிலிருந்து முன்பக்கமாகக் கொக்கியை ஓட்டினால், கறுப்பாகப் பிசுபிசுவென்று வந்தது. அழுகல். ஈர லத்தியில் நின்றதால் வந்தது, அதாவது இரண்டு நாள் நான் லாயத்தைச் சரியாகக் கூட்டாததால் வந்தது. கழுவித் துடைத்து, அயோடின் நனைத்த பஞ்சை வைத்தேன்.

காதடியில் நாலு உண்ணி வேறு. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மாட்டுக்கு அடிக்கிற அமிட்ராஸ் மருந்தைக் கொடுத்தார். எதற்கும் டாக்டரைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. குதிரைக்கு அது குடல் அசைவையே நிறுத்திவிடுமாம். கையாலேயே பிடுங்கினேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி. வெடிச் சத்தத்துக்கு மிரளுமே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். வினை கொள்ளில் வந்தது. "நோம்பி நாளும் அதுவுமா" என்று அப்பா ஊறவைத்த கொள்ளை இரண்டு பங்காக வைத்திருக்கிறார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு முன்னங்காலால் தரையைப் பறித்தது. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்துப் புரண்டது. "மாடு படுக்கறதில்லையா?" என்றார் அப்பா. தாடைக்கடியில் நாடி பார்த்தேன், 60. மற்ற நாளில் 36ஐத் தாண்டாது.

டாக்டர் வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிறு உப்பினால் வெடித்துவிடக்கூட வாய்ப்புண்டு. அசைபோடவும் தெரியாது, தின்றது தின்றதுதான். டாக்டர் சொல்லச் சொல்ல அப்பா வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் நடத்திப் பாருங்கள் என்றதும் என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். களத்தை எத்தனை சுற்று சுற்றினாரோ.

இரண்டேகால் மணிக்கு நாலு உருண்டை லத்தி விழுந்தது. அப்பா டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது. "போட்டுருச்சு கண்ணு, போட்டுருச்சு" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

அக்டோபர் 26, ஞாயிறு

நாடி 34. இன்னும் சவாரி இல்லை, கையில் பிடித்து நடை மட்டும். கொள்ளு இனித் தராசில் நிறுத்துத்தான். தராசு வாங்கி வந்தது அப்பா.

விடிகாலை நாலு மணிக்கு எழுப்பினார். "ஏண்டா, அப்பப் புடிச்சு நின்னுக்கிட்டே இருக்குது. மறுபடி ஏதாச்சும் பண்ணுதா?"

போய்ப் பார்த்தேன். காதுகள் தளர்ந்து பக்கவாட்டில் சாய்ந்திருந்தன. கீழுதடு தொங்கியிருந்தது. ஒரு பின்னங்கால் குளம்பு நுனியை மட்டும் ஊன்றியிருந்தது.

"தூங்குதுங்கப்பா. நின்னுக்கிட்டேயும் தூங்கும்."

அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.