விரிஞ்சிபுரம்: நைனாவின் ரூட்டில் ஒரு தரிசனம்

எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு மார்க்கபந்து இருப்பார். வேலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். பெயரின் சொந்தக்காரர் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, விரிஞ்சிபுரத்தில் பாலாற்றங்கரையில் இருக்கிறார். மார்க்கபந்தீஸ்வரர். தமிழில் வழித்துணைநாதர். அம்பாள் மரகதாம்பிகை.

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். லாரி டிரைவர். வாணியம்பாடி, ஆம்பூரிலிருந்து தோல் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் பெரியமேட்டுக்குப் போவார். திரும்பும்போது எந்த லோடு கிடைக்கிறதோ அது. வண்டியின் நெற்றியில் 'மார்க்கபந்து துணை' என்று சிவப்பு பெயிண்டில் எழுதியிருக்கும். செதுவாலை கூட்டுரோடு வந்ததும் வண்டியை ஓரங்கட்டி இறங்குவார். கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு உடனே ஏறிவிடுவார். உள்ளே போய்க் கும்பிட நேரம் இருக்காது, சரக்கு விடிவதற்குள் இறங்கியாக வேண்டும். "நான் டியூட்டியில கீறன்னு சாமிக்குத் தெரியும்" என்பார்.

தல புராணத்தில் அவருக்குப் பிடித்தது மிளகு வியாபாரி கதைதான். ஒரு வியாபாரி மிளகு மூட்டைகளோடு காஞ்சிபுரம் போகிறான். வழியில் கள்வர் பயம். விரிஞ்சிபுரத்தில் தங்கி, "நீதான் துணைக்கு வரணும்" என்று சாமியிடம் முறையிடுகிறான். சிவபெருமான் குதிரை வீரனாகக் கூடவே போய் அவனைக் காஞ்சிபுரத்தில் பத்திரமாகச் சேர்க்கிறார். வழித்துணை என்ற பெயருக்குச் சொல்லப்படும் கதை இது. நைனாவுக்கு அதில் தனிப் பெருமை. "நம்ம ரூட்டுடா அது. மிளகுக்கு பதிலா தோலு, அவ்ளோதான்" என்பார். அப்போது அந்த ரோட்டுக்கு என்.எச். 46 என்று பெயர், இப்போது 48. நைனா ஓட்டிய காலத்தில் நாலு வழிச்சாலை கிடையாது. எதிரில் வருகிறவனின் ஹெட்லைட் கண்ணில் அடித்தால் சாமிதான் துணை.

தை மாதம் நைனாவுக்குத் திதி கொடுத்த அடுத்த வாரம் விரிஞ்சிபுரம் கிளம்பினேன். உடன் வந்தது என் நண்பன். இங்கே அவன் பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவான், அதனால் வேண்டாம். பத்தாவது வரை ஒரே பெஞ்சு. அதற்கு மேல் அவன் வீட்டில் படிக்க வைக்க முடியவில்லை. நான் பாலிடெக்னிக் படிக்கச் சென்னைக்குப் போனேன், அவன் என் நைனாவின் லாரியில் கிளீனராக ஏறினான். பிறகு அவனே டிரைவராகி, கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு வேன் போட்டான். ஆக, நைனாவை வீட்டில் பார்த்தவன் நான், ரோட்டில் பார்த்தவன் அவன். நைனா வீட்டில் இருந்ததைவிட ரோட்டில் இருந்ததுதான் அதிகம்.

கிளம்பும்போது அம்மா சொன்னார்: "சாமிகிட்ட எதுவும் கேக்காதீங்கடா. ஒரு தடவயாவது சும்மா பாத்துட்டு வாங்க." எனக்கும் அதே எண்ணம்தான். இத்தனை வருடம் இவன் கூட இருந்தானே என்று சாமிக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. இவனிடம் நேராகச் சொன்னால், "இன்னாடா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்பான்.

செதுவாலையில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதுமே கோயில் மதில் தெரிந்துவிடுகிறது. 'திருவிரிஞ்சை மதிலழகு' என்று சும்மா சொல்லவில்லை. நல்ல உயரம், கருங்கல். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். கல்யாண மண்டபத் தூண்களில் யாளிகள் இருக்கின்றன. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத்தைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். இங்கே சாதாரண நாளில் நின்று நிதானமாகப் பார்க்கலாம், தள்ளுகிறவர் யாரும் இல்லை.

இந்தக் கோயிலில் 1425-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. விஜயநகரத் தேவராயர் காலம். படைவீட்டு ராஜ்ஜியத்து அந்தணர்கள் கூடி, இனி கல்யாணத்தைக் கன்னிகாதானமாகத்தான் செய்வது, பெண்ணைக் கொடுக்கப் பொன் வாங்குவதோ பெண்ணை எடுக்கப் பொன் கொடுப்பதோ கூடாது, மீறினால் ராஜ தண்டனை, சமூக விலக்கும் உண்டு என்று செய்துகொண்ட ஒப்பந்தம். இதை அவனுக்குச் சொன்னேன். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருப்பவன் அவன். "அப்போ பொண்ணுக்குக் குடுத்தானுங்களா? நாமதான் தப்பான காலத்துல பொறந்துட்டோம்" என்றான்.

மூலவர் சந்நிதியில் கூட்டம் இல்லை. சுயம்பு லிங்கம். நேராக நிமிர்ந்து இல்லாமல் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதற்கும் ஒரு கதை. திருவண்ணாமலையில் சிவனின் முடியைக் காணப் பறந்து போய்த் தோற்ற பிரம்மா (திருவண்ணாமலையும் 1989 வரை எங்கள் வட ஆற்காட்டில்தான் இருந்தது) இந்தக் கோயில் அர்ச்சகருக்கு மகனாக, சிவசர்மனாகப் பிறக்கிறார். பையன் சிறியவனாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துவிடுகிறார். பூஜை முறை வருகிறது. உறவுக்காரர்கள் உரிமையைப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள். தாய் அழுது முறையிட, சாமியே வந்து பையனுக்கு உபநயனமும் தீட்சையும் செய்துவைக்கிறார். கார்த்திகை கடைசி ஞாயிறன்று பையன் அபிஷேகக் குடத்தோடு கருவறையில் நிற்கிறான். லிங்கத்தின் உச்சி அவனுக்கு எட்டவில்லை. அப்போது சாமி தலையைச் சாய்த்துக் கொடுக்கிறார். பேரன் காதில் ஏதோ சொல்ல வரும்போது தாத்தா குனிவாரே, அந்த மாதிரி. பறந்து தேடியும் கிடைக்காத முடி, அப்பனில்லாத பிள்ளைக்குத் தானாக இறங்கி வந்தது.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது பிரம்மா மட்டும்தான் எனக்குத் தெரிந்தார். அந்தப் பையனின் அப்பா இறந்த விஷயம் நைனா போன பிறகுதான் மனதில் ஏறியது.

அர்ச்சனைத் தட்டு நண்பன் கையில் இருந்தது. அர்ச்சகர், "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். எங்கள் வீட்டு வரிசை ஒன்று உண்டு, நைனா வைத்த வரிசை. முதலில் அவர் பெயர், உத்திர நட்சத்திரம். அப்புறம் அம்மா, ரோகிணி. அக்கா, சுவாதி. நான், சதயம். கடைசியில் இவன், பரணி. கிளீனராகச் சேர்ந்த வருடமே இவனை வரிசையில் சேர்த்துவிட்டார். எந்தக் கோயிலுக்குப் போனாலும் அதே வரிசை, மூச்சு விடாமல் சொல்லுவார்.

இவன் வாயைத் திறந்தான். ஒரு பெயர் சொல்லும் நேரம் சும்மா இருந்தான். அப்புறம் அம்மாவின் பெயரிலிருந்து ஆரம்பித்தான். ரோகிணி. அக்கா, சுவாதி. என் பெயர், சதயம். தட்டை நீட்டிவிட்டான்.

"இன்னும் ஒரு பேர் இருக்கு சாமி" என்று சொல்லி, இவன் பெயரையும் பரணியையும் நான் சொன்னேன். இவன் என்னைப் பார்க்கவில்லை. தீபாராதனையையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அப்படியே. அம்மா சொன்னபடி எதுவும் கேட்கவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன்.

மரகதாம்பிகையைத் தரிசித்துவிட்டுப் பிரகாரம் சுற்றினோம். தல விருட்சம் பனை. ஒரு வருடம் வெள்ளையாகவும் மறு வருடம் கருப்பாகவும் காய்க்கும் என்பார்கள். தெற்குப் பக்கம் நேரம் காட்டும் கல் இருக்கிறது. அரைவட்டமாகக் கோடு கிழித்து எண்கள் வெட்டிய கல். நடுவில் உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் மணி. நண்பன் எங்கிருந்தோ ஒரு ஈர்க்குச்சியைத் தேடிக்கொண்டு வந்து வைத்தான். நிழல் ஒன்பதைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி விழுந்தது. செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் காட்டுது. சார்ஜும் போட வேணாம்" என்றான். அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்தோம்.

அங்கேதான் அந்த இன்லண்ட் லெட்டர் விஷயம் வெளியே வந்தது.

நான் சென்னையில் படித்தபோது வீட்டுக்குக் கடிதம் போடுவேன். விலாசத்தில் 'வ.ஆ. மாவட்டம்' என்று எழுதியது இன்னும் கைக்கு நினைவிருக்கிறது. நைனா போர்டு படிப்பார், மைல் கல் படிப்பார், கையெழுத்து படிக்க வராது. அம்மாவுக்கும் வராது. அதனால் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லாரிக்குப் போய் இவனைப் படிக்கச் சொல்வார். இந்த அளவுக்கு எனக்குத் தெரியும். மீதி தெரியாது.

"நீ இன்னாடா எழுதுவே? மெஸ் பில்லு இவ்ளோ, டிராயிங் ஷீட்டு இவ்ளோ, பணம் அனுப்புங்க. முடிஞ்சிது" என்றான். "அத எப்டி அப்டியே படிக்கிறது? ஒரு மாதிரியா இருக்கும். அதனால கடைசில நானே ஒரு வரி சேத்துப் படிச்சிடுவேன். 'நைனா, ராத்திரில தூக்கம் வந்தா வண்டிய ஓரங்கட்டிட்டுப் படுங்க'ன்னு."

"நம்பினாரா?"

"அந்த வரிய மட்டும் இன்னொரு வாட்டி படிடான்னுவாரு. அதான் பேஜாரு. மொத வாட்டி இன்னா சொன்னேன்னு ஞாபகம் வச்சிகினு அதே மாதிரி சொல்லணும். மாத்திச் சொன்னா மாட்டிக்குவேன்." சிரித்தான். "ஆனா ஒண்ணு, அதுக்கப்புறம் நெஜமாவே ஓரங்கட்டிட்டுப் படுப்பாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு. 'புள்ள எழுதிக்கிறான்டா'ன்னு சொல்லிட்டுப் படுப்பாரு."

இதை இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேட்கவில்லையே என்றான்.

ஒரு மனிதர் போய்விட்டால் அவரைப் பற்றிய சேதியும் அத்தோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். இருக்கிற நினைவுகளையே திரும்பத் திரும்பப் புரட்ட வேண்டியதுதான் என்று. என் விஷயத்தில் அப்படி ஆகவில்லை. நைனாவைப் பற்றி இன்னமும் புதிதாக ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் இவனிடமிருந்துதான் வருகிறது. சாமியிடம் நன்றி சொல்ல வந்ததும் இதற்குத்தான்.

கோயிலை விட்டு வெளியே வந்து பாலாறு வரை நடந்தோம். நடுவில் வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனதைப் பார்த்தவர்களுக்கு, இதுவா அந்த ஆறு என்று சந்தேகம் வரும். நைனாவின் அஸ்தியைக் கரைக்க வேலூரில் இதே பாலாற்றுக்கு வந்தபோது அதுவும் இல்லை. வெறும் மணல். கூட வந்த பெரியவர்கள் வேறு எங்காவது போகலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் மண்டிபோட்டுக் கையாலேயே தோண்ட ஆரம்பித்தான். முழங்கை ஆழம் போனதும் மணல் ஈரமாக வந்தது. இன்னும் தோண்டினான். பக்கமெல்லாம் சரிந்து விழ விழ அள்ளி வெளியே போட்டான். கடைசியில் கலங்கலாக ஊற்று கசிந்து, ஒரு சொம்பு மொள்ளும் அளவுக்குத் தேங்கியது. தெளியும் வரை காத்திருந்து, அதில்தான் கரைத்தோம். அவன் நகக்கண்களில் அன்று ரத்தம் கட்டியிருந்தது.

அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. ஆற்றை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

வண்டி எடுக்கும் முன் சிம்ம தீர்த்தத்தையும் பார்த்துவிட்டு வரலாம் என்றான். சிங்கத்தின் வாய் வழியாகப் படி இறங்குகிற கிணறு. கார்த்திகை மாதக் கடைஞாயிறுக்குத்தான் இங்கே பெரிய கூட்டம். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் முந்தின நாள் சனிக்கிழமை நள்ளிரவில் தீர்த்தத்தில் முழுகி, ஈரத் துணியோடு பிரகாரத்தில் படுத்து உறங்குவார்கள். கனவில் பூவோ பழமோ கண்டால் பலன் உண்டு என்பது நம்பிக்கை. அந்த ராத்திரி ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தெல்லாம் வந்து பிரகாரம் முழுக்கப் பெண்களாகப் படுத்திருப்பார்கள்.

இவன் மகளுக்குக் கல்யாணமாகிச் சில வருடம் ஆகிறது. வேறு எதையோ பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு, "கார்த்திகைல பொண்ண இட்டுகினு வரலாம்னு வீட்டுல சொல்லிகினு கீறாங்க" என்றான்.

"வரலாம். நானே ஓட்டிகினு வரேன். சனிக்கிழமை சாயங்காலமே வந்துடணும், அப்புறம் வண்டிய உள்ள விட மாட்டாங்க."

"நீ ஓட்டி நாங்க வந்து சேந்தமாதிரிதான்."

செதுவாலையில் டீக்கடையில் நிறுத்தினோம். அம்மா இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கி வரச் சொல்லியிருந்தார். அணைக்கட்டு ரோட்டுப் பக்கம் போனால் நல்லதாகக் கிடைக்கும் என்று இவன் சொன்னான். கார்த்திகைக்கு எந்த வண்டி, யார் யார், எத்தனை மணிக்கு என்றெல்லாம் பேசி முடித்தோம். டீக்குக் காசு நான் கொடுத்துவிட்டேன். அதில் அவனுக்குக் கோபம்.

"கார்த்திகைக்கு டீசல் நான் போடுறேன், வண்டியும் நான்தான் ஓட்டுவேன்" என்றான். "நீ அம்மாவப் பாத்துகினு பின்னாடி உக்காந்து வா."