ஆறாவது தாளில் பூத்த கொன்றை

பங்குனி பிறந்ததிலிருந்து, வண்ணம் தீட்டுவதற்காக ஒரே கோட்டுப் படத்தை ஆறு முறை பிரிண்ட் எடுத்துவிட்டேன். நான்கு குப்பைக்குப் போயிற்று. ஒன்றை அம்மை கருவாடு பொதிய எடுத்துக்கொண்டாள். ஆறாவது தாளில், நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு, கொன்றை ஒருவழியாக மஞ்சளாக நின்றது. பச்சையாகவும் இல்லை, சாணி நிறமாகவும் இல்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். படம் முடியவில்லை. தரை முழுக்க பாக்கி.

படம் எது என்று சொல்லிவிடுகிறேன். வண்ணம் தீட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இணையத்திலிருந்து இறக்கியிருப்பீர்கள், அந்த 'வசந்தகால வீடு' வகைப் பக்கங்கள். திறந்த ஜன்னல், குவளையில் குழல் போன்ற மஞ்சள் பூக்கள், சோபா, அதன்மேல் கம்பளிப் போர்வை, மூலையில் கணப்பு, நடுவில் தூங்கும் பூனை. பார்த்தாலே மனசு அடங்கும் என்று போட்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கம்பளியைப் பார்த்ததும் வேர்த்துவிட்டது. அவர்கள் ஊரில் வசந்தம் என்றால் குளிர் விடுகிற நேரம். எங்கள் குமரி மாவட்டத்துத் தக்கலையில் இந்த மாதத்தில் மதியம் இரண்டு மணிக்குக் கடையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாலும் முதுகு நனைகிறது.

அதற்காக நமக்கு வசந்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். தையில் ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும், குலசேகரம் பக்கம் போனால் மலையே மொட்டையாகத் தெரியும். மாசியில் செம்பு நிறத்தில் தளிர் விடும். மார்த்தாண்டத்துத் தேனீக்காரர்கள் பெட்டிகளைக் கொண்டுபோய் ரப்பர் தோட்டத்தில் வைப்பதும் அப்போதுதான். அந்தத் தேன் பூவிலிருந்து வருவதில்லை, தளிர் இலைக் காம்பில் ஊறுகிறது. அப்புறம் கொன்றை. இலை கொட்டின கிளையில் சரம் சரமாகத் தொங்கும். சித்திரை விஷு விடியலில் முதல் காட்சியாகக் கனி காண அது இல்லாமல் முடியாது.

ஆகவே படத்தைக் கம்ப்யூட்டரில் கோரல் டிரா என்கிற வரைகலை மென்பொருளில் போட்டு மாற்றினேன். கணப்பை எடுத்துவிட்டு அங்கே நெல் போட்டுவைக்கும் ஒரு பத்தாயம் வைத்தேன். சோபா போய்ச் சாய்வு நாற்காலி வந்தது. கம்பளி இருந்த இடத்தில் ஈரிழைத் துண்டு. குவளைக்குப் பதில் உருளி என்கிற வாயகன்ற வெண்கலப் பாத்திரம், அதில் கனிக்கு வைக்கும் வெள்ளரி, கொன்றை. பூனையைத் தொடவில்லை. பூனை எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் தூங்கும்.

கோடுகளை முழுக் கறுப்பில் வைக்காதீர்கள், முப்பது சதவீதம் போதும். லேசர் பிரிண்டர் அந்தச் சாம்பல் நிறத்தைக் குட்டிக் குட்டிப் புள்ளிகளாகத்தான் போடும். கண்ணில் தெரியாது, மேலே பென்சில் ஏறியதும் கோடு மறைந்துவிடும். கறுப்பு டோனர் பொடி தடித்து நின்றால் மெழுகு கலந்த வண்ணப் பென்சில் அதன்மேல் வழுக்குகிறது, கடைசியில் பூவுக்குச் சுற்றிலும் கண்மை எழுதியது போல இருக்கும். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதில் எனக்கு உள்ள ஒரே லாபம் இந்த மாதிரி சோதனைகளுக்குக் காசு கேட்க ஆளில்லை என்பது. தாளின் கனத்தைச் சொல்லும் ஜி.எஸ்.எம். கணக்கில் 75 வேண்டாம், நான்காவது அடுக்கிலேயே நார் எழும்பும். நான் 160 போர்டில் எடுக்கிறேன். வழவழப்பான ஆர்ட் பேப்பர் கல்யாணப் பத்திரிகைக்குத்தான் ஆகும், பென்சில் பிடிக்காது.

சரி, மஞ்சளுக்கு வருகிறேன்.

நீலமோ சிவப்போ என்றால் அழுத்திப் போட்டால் இருளும், லேசாகப் போட்டால் வெளுக்கும். ஒரே பென்சிலில் வேலை முடிந்தது. மஞ்சளை எவ்வளவு அழுத்தினாலும் அது மஞ்சள்தான். வெள்ளைத் தாளுக்கும் அதற்கும் இடையில் இருக்கும் தூரம் ரொம்பக் கம்மி. ஆகவே நிழலுக்கு வேறு ஏதாவது சேர்த்தே ஆகவேண்டும். எதைச் சேர்ப்பது என்பதில்தான் ஐந்து தாள் போயிற்று.

முதல் தாளில் எல்லோரும் செய்கிற தப்பைச் செய்தேன், கறுப்பு. கறுப்பை மஞ்சளோடு சேர்த்தால் பச்சை அடிக்கும் என்று படித்திருந்தேன், நம்பவில்லை. நன்றாகவே அடித்தது. கொன்றை இதழ் பாசிப்பயறு மாதிரி ஆயிற்று. இரண்டாவதில் கொஞ்சம் புத்திசாலித்தனமாக எழுதுகிற பென்சிலை லேசாகத் தேய்த்து மேலே மஞ்சள். அது இன்னும் மோசம். கரித்தூள் மெழுகோடு குழைந்து இதழெங்கும் இழுத்துக்கொண்டு போயிற்று, அழிப்பானும் எடுக்கவில்லை.

மூன்றாவது தாளைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மெழுகுப் பென்சில் அடுக்குகளைக் குழைக்க எண்ணெய் தொட்டுத் தேய்க்கலாம் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் சொன்னது பேபி ஆயில். நம் வீட்டில் எண்ணெய்க்கா பஞ்சம் என்று காது குடையும் பஞ்சில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு வைத்தேன். ஒரு நிமிடம் அற்புதமாக இருந்தது. கோடெல்லாம் மறைந்து, மஞ்சள் அப்படியே உருகி வழிந்தது போல. மறுநாள் காலையில் பார்த்தால் எண்ணெய் பூவைத் தாண்டி உருளி வரை ஊறி, தாள் ஏத்தங்காய் சிப்ஸ் கட்டின பேப்பர் போலப் பளபளத்தது. பின்னால் இருக்கும் விரல் தெரிகிறது. தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய். ஒரு வாரம் வைத்திருந்தாலும் அப்படியேதான் இருக்கும், அப்புறம் சிக்கு வாடை வேறு. கருவாட்டுக்குப் போனது இந்தத் தாள்தான். பொருத்தமான முடிவு.

நான்காவதில் எதிர்நிறத்துக்கு வந்தேன். மஞ்சளுக்கு எதிர் ஊதா. இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று மட்டுப்படுத்திப் பழுப்பாக மங்கும், பச்சை எட்டிப்பார்க்காது. கொள்கை சரி. ஆனால் நான் மஞ்சளை நன்றாக அழுத்தி மெருகேற்றிவிட்டு, அதன்மேல் ஊதாவை வைத்தேன். பென்சில் எண்ணெய் தடவிய தலையில் தண்ணீர் ஊற்றியது போல வழுக்கிக்கொண்டு போகிறது. தாளின் சொரசொரப்பெல்லாம் மெழுகால் அடைந்துவிட்டால் அப்புறம் எதுவும் ஏறாது. அழுத்தினால் திட்டுத் திட்டாக நிற்கும், அவ்வளவுதான்.

ஐந்தாவதில் வரிசையை மாற்றினேன், இங்கேதான் விஷயமே இருக்கிறது. நிழல் முதலில், மஞ்சள் கடைசியில். மஞ்சள் பென்சில் பாதி கண்ணாடி மாதிரி, அடியில் இருப்பதைக் காட்டும். இதழ் காம்போடு சேரும் இடத்திலும், ஒரு இதழ் இன்னொன்றின் அடியில் போகும் இடத்திலும் மட்டும் ஊதா. பென்சிலை நுனியில் பிடிக்கக் கூடாது, வால் பக்கம் பிடியுங்கள். பென்சிலின் எடை மட்டும் தாளில் விழுந்தால் போதும், கை எடை விழக் கூடாது. முதலில் பார்த்தால் ஏதோ தூசி ஒட்டியிருப்பது போலத்தான் தெரிய வேண்டும். அதற்குமேல் ஒரு சுற்று காவி, இன்னும் கொஞ்சம் அகலமாக. அதற்குமேல் அடர் மஞ்சள். கடைசியில் எலுமிச்சை மஞ்சளை இதழ் முழுக்க, வெளிச்சம் விழும் விளிம்பில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டு.

கொன்றைக்கு இன்னொன்று, ஐந்து இதழோடு தீரவில்லை. நடுவிலிருந்து மூன்று நீளக் கேசரங்கள், அதாவது மகரந்தக் காம்புகள், கொக்கி போல வளைந்து மேலே வரும். அதை இதழ் போட்ட பிறகு வரையலாம் என்று நினைத்தால் தொலைந்தீர்கள். முதலிலேயே மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அந்த வளைவை அழுத்தி ஒரு பள்ளம் கீறிவிடுங்கள். மேலே எது தேய்த்தாலும் அந்தக் கோடு வெள்ளையாக நிற்கும். கடைசியில் கூர்மையான மஞ்சளை அதற்குள் ஓட்டினால் ஆயிற்று. ஒரு சரத்துக்கு முப்பது பூ வரைந்து வைத்திருக்கிறேன், என் கொழுப்பு. தொண்ணூறு கொக்கி.

இத்தனையும் செய்தும் ஐந்தாவது தாள் சப்பென்று இருந்தது. பூ தப்பில்லை, ஒவ்வொன்றாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. தள்ளி வைத்துப் பார்த்தால் வெளிறிப்போய்க் கிடக்கிறது. இன்னும் மஞ்சள் ஏற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மை கட்டன் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"எதுக்கு மக்களே உருளியக் கொண்டு ஜன்னல்ல வச்சிருக்க? கனி ஆராவது ஜன்னல்ல வைப்பாவளா? அரங்குக்குள்ள இல்லியா வைக்கது."

அது படம் அம்மை, யாரும் கனி காணப் போவதில்லை என்றேன். கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் போய்விட்டாள். அப்புறம் ராத்திரி கடை அடைத்து வந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. கொன்றைக்குப் பின்னால் நான் வைத்திருந்தது ஜன்னல் வெளிச்சம், வெளிர்நீல வானம். வெளிச்சத்துக்கு முன்னால் மஞ்சள் என்ன செய்யும் பாவம். எங்கள் பழைய வீட்டில் விடியற்காலம் கண்ணைப் பொத்திக் கூட்டிப்போய் அரங்கு என்கிற உள்ளறைக்குள் நிறுத்துவார்கள். கண்ணைத் திறந்தால் சுற்றிலும் கும்மிருட்டு, ஒரு குத்துவிளக்கு, அந்த ஒளியில் உருளி. அப்போது பார்த்த மஞ்சளைத்தான் நான் இத்தனை நாளாகத் தேடியிருக்கிறேன்.

மறுபடி கோரல் டிரா. உருளியை ஜன்னலிலிருந்து எடுத்து அரங்கு வாசலில் வைத்தேன், பின்னால் கதவு பாதி திறந்து உள்ளே இருட்டு. ஆறாவது பிரிண்ட்.

இருட்டுக்குக் கறுப்புப் பென்சிலை அப்படியே தீட்டினால் ஓட்டை மாதிரித் தெரியும். அடியில் கரும்பழுப்பு, மேலே கருநீலம், மறுபடி பழுப்பு, இப்படி ஆறேழு அடுக்கு. பூவிலிருந்து விலகி இருக்கும் மூலையில் மட்டும் கடைசியாகக் கொஞ்சம் கறுப்பு. நான்காவது அடுக்கு ஏறும்போதே பக்கத்தில் இருந்த மஞ்சள் தானாக எழும்ப ஆரம்பித்தது. பூவில் நான் ஒரு கோடு கூடச் சேர்க்கவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், விளக்கைக் கூட்டினது போல இருந்தது.

இதில் ஒரு பயம் உண்டு. கரும்பென்சில் தேய்க்கும்போது பொடி உதிரும். ஒரு பொடி மஞ்சளின்மேல் கிடந்து கை பட்டதோ, ஒரே இழுப்பு, மொத்தமும் போச்சு. ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். நான் ஒரு கோழி இறகு வைத்திருக்கிறேன், பிரஷ்ஷை விட மேல். உள்ளங்கைக்கு அடியில் பட்டர் பேப்பர் கட்டாயம், இந்த வேர்வைக்கு அது இல்லாமல் கை தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

பென்சில்களைப் பற்றிக் கேட்பீர்கள். பெரும்பாலும் சாதாரண 48 நிற மெழுகு செட்தான். மஞ்சளுக்கு மட்டும் ஃபேபர் காஸ்டெல் பாலிக்ரோமோஸ் வரிசையில் தனியாக 105, 107 எண் பென்சில்கள், காவிக்கு 187. அது எண்ணெய் அடிப்படை, கொஞ்சம் கடினம், முனை நிற்கும், கேசரக் கொக்கிகளுக்கு அது இருந்ததால் தப்பித்தேன். திருவனந்தபுரம் போகும்போது ஒவ்வொன்றாக வாங்கி வருவது. மொத்த செட் 120 நிறம், விலையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் ரயில் ஏறிவிட்டேன். போன மாதம் ஆன்லைனில் ஒரு கடையில் 72 நிற செட் ஒன்று வாங்கினேன், சீவச் சீவ முனை கழன்று விழுகிறது. வழியில் எங்கேயோ போட்டு உடைத்திருக்கிறார்கள், மரத்துக்குள்ளேயே ஈயம் துண்டு துண்டாக இருக்கிறது. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம், சீவின பென்சிலாம். சீவாமல் எப்படித் தெரியும்? இப்போது அதை அரைப் பிளேடால் சீவி, அகலமான இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

மெழுகு செட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அடர்த்தியாகத் தீட்டின இருட்டின்மேல் நாலைந்து நாளில் சாம்பல் பூத்தது போல ஒரு படலம் வரும். பூஞ்சை என்று பயப்பட வேண்டாம், மெழுகு மேலே வருவதுதான். பழைய மல்லுத் துணியால் மெதுவாகத் துடைத்தால் போய்விடும். ஆனியில் வரும் வெள்ளைப் படலம் வேறு, அது நிஜமாகவே பூஞ்சை. நமக்கு மழை இரண்டு தடவை, தென்மேற்கும் வடகிழக்கும். போன வருஷம் அலமாரியில் வைத்த பதினாறு தாள் அப்படித்தான் போயிற்று. இந்த வருஷம் மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அடுத்தது ரப்பர் தளிர் ஒன்று போட வேண்டும். செம்பு நிறத்துக்குள் வெயில் ஊடுருவும், அதை எந்தப் பென்சிலில் பிடிப்பது என்று இப்போதே தூக்கம் போகிறது. இருக்கட்டும், முதலில் தரை. பழைய கறுத்தத் தரையாக வைத்திருக்கிறேன், அதில் உருளியும் பூவும் தலைகீழாகத் தெரிய வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனையில் நவராத்திரி மண்டபத்துத் தரை கண்ணாடி போல இருக்குமே, அதை நேரில் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். பத்து நிமிட வழி. போய் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது, திங்கட்கிழமை விடுமுறை.

கேட்டுக்கு முன்னால் ஒரு கரும்புச்சாறு குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். நாளைக்குக் கடையில் முந்நூறு காதுகுத்துப் பத்திரிகை இருக்கிறது, புதன்கிழமைதான் மறுபடி போக முடியும். அதுவரை பூனையைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். அதுவும் மஞ்சள் பூனை.